தடுப்பூசி போட்ட பன்றிக்கு நுரையீரலில் எதிர்ப்பு வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

உசிலை_வெண்பன்றி:

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். போன வருடத்திலிருந்து வளரும் குட்டிகளுக்கு மூன்று, நான்கு மாத வயதில் வறட்டு இருமல் வருகிறது. காலையில் தீவனம் கொட்டும்போது படுத்திருப்பதெல்லாம் எழுந்து ஓடி வருமே, அப்போதுதான் வரிசையாக இருமும். சாவு ரொம்ப இல்லை. ஆனால் தின்கிற தீவனத்துக்கு எடை ஏற மாட்டேன் என்கிறது.

மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியாக இருக்கும் என்று சொல்லி ஒரு மருந்து வியாபாரி தடுப்பூசி வரவழைத்துக் கொடுத்தார். இரண்டு பேட்சுக்குப் போட்டாயிற்று. இருமல் குறைந்த மாதிரித் தெரிகிறது, ஆனால் நிற்கவில்லை. அவரிடம் கேட்டதற்கு, சில குட்டிகளின் ரத்தத்தை எடுத்து லேபுக்கு அனுப்பி, எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் எலைசா சோதனையின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாமே பாசிட்டிவ். "ஊசி நன்றாகப் பிடித்திருக்கிறது, பிரச்சினை உங்கள் கொட்டிலில்தான்" என்கிறார்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இருமுவது நுரையீரல், சோதித்தது ரத்தம். நுரையீரலுக்குள் எதிர்ப்பு வந்ததா இல்லையா என்று தனியாகப் பார்க்க வழி இருக்கிறதா? இதில் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

குறுக்குக்கேள்வி:

வியாபாரி தான் விற்ற சரக்குக்குத் தானே சோதனை செய்து தானே பாஸ் போட்டிருக்கிறார். அருமை.

டாக்டர்_திருமங்கலம்:

நல்ல கேள்வி. அந்த ரிப்போர்ட்டை வைத்து ஊசி வேலை செய்கிறது என்றும் சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. அதுதான் சிக்கல்.

மைக்கோபிளாஸ்மா ஹையோநியூமோனியே ரத்தத்தில் சுற்றித் திரிகிற கிருமி அல்ல. மூச்சுக்குழாயின் உள்பக்கத்தில் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்கள் உண்டு. அவற்றில் ஒட்டிக்கொண்டு அங்கேயே குடியிருக்கும். நுண்மயிர் உதிர்ந்து போனால் சளி தேங்கும், பாஸ்டுரெல்லா மாதிரி இரண்டாம் கட்டக் கிருமிகள் உள்ளே இறங்கும். கிருமி நிற்பது காற்று போய்வரும் பக்கத்தில். ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடி, அதாவது அந்த எதிர்ப்புப் புரதம், முழுசாக அங்கே எட்டுவதில்லை. இந்த நோயைப் பொறுத்தவரை ரத்தத்தில் ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியாது என்பது பழைய செய்தி. அளவு குறைவாக இருந்தும் நுரையீரல் சுத்தமாக இருக்கும் பன்றி உண்டு, நேர்மாறும் உண்டு.

இன்னொன்று, வழக்கமாகச் செய்யும் எலைசாவுக்கு ஊசியால் வந்த ஆன்டிபாடிக்கும் நிஜத் தொற்றால் வந்ததற்கும் வித்தியாசம் தெரியாது. சின்னக் குட்டியென்றால் தாயின் சீம்பாலில் வந்ததும் சேர்ந்துகொள்ளும். பன்றிக்கு நச்சுக்கொடி வழியாக ஆன்டிபாடி போகாது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் எல்லாம். அது உடம்பில் நிறைய இருக்கும்போது ஊசி போட்டால் குட்டியின் சொந்த எதிர்ப்பு மந்தமாகலாம். ஊசி போட்டபோது குட்டிகளுக்கு என்ன வயது? ரத்தம் எடுத்தது எப்போது? ஊசிக்கு முன்னால் ஒரு தடவை எடுத்தார்களா?

ஊசி மேலும் பழியைத் தூக்கிப் போட வேண்டாம். சதையில் போடும் இந்தத் தடுப்பூசிகள் இருமலையும் நுரையீரல் புண்ணையும் குறைக்கும், எடை இழப்பையும் குறைக்கும். கிருமி குடியேறுவதைத் தடுக்காது. இருமல் குறைந்தும் நிற்காமல் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான்.

உசிலை_வெண்பன்றி:

நன்றி டாக்டரம்மா. மூன்று வாரக் குட்டிக்குப் போட்டது. ரத்தம் ஒரே தடவைதான், நாலு மாத வயதில். முன்னால் எடுக்கவில்லை.

டாக்டர்_திருமங்கலம்:

அப்படியென்றால் அந்தப் பாசிட்டிவ் ஊசியாலா, ஏற்கனவே இருமிக்கொண்டிருந்த தொற்றாலா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆய்வகவாசி:

மதுரைக்காரன்தான், பிழைப்பு வெளிநாட்டு ஆய்வகத்தில். பன்றி நுரையீரலைக் கழுவுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணே.

ஆய்வில் முதலில் பார்ப்பது நுரையீரல் கழுவுநீர். பன்றியை வலியில்லாமல் கொன்றதும் மூச்சுக்குழாயைக் கவ்வியால் இறுக்கிவிட்டு, நுரையீரலை இதயத்தோடு சேர்த்து வெளியே எடுப்போம். குளிர்ந்த உப்புக் கரைசலைக் குழாய் வழியே ஊற்றி, கையால் மெதுவாகப் பிசைந்து, தலைகீழாகச் சாய்த்து வடிப்போம். பாதி அளவுக்குத் திரும்பி வந்தாலே திருப்தி. நுரை கட்டி, கொஞ்சம் பால் கலந்த தண்ணீர் போல இருக்கும். வலைத்துணியில் வடிகட்டிச் சுழற்றினால் அடியில் அணுக்கள் தங்கும், மேலே நிற்கும் தெளிநீரில் ஆன்டிபாடி இருக்கும். உயிரோடு இருக்கும் பன்றிக்கும் மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய் கேமரா வழியாக இதைச் செய்யலாம். ஒரே பன்றியை ஊசிக்கு முன்னும் பின்னும் பார்க்க முடிகிற வழி அது.

அடியில் தங்கும் அணுக்களில், ஆரோக்கியமான பன்றியென்றால் பெரும்பகுதி கிருமியையும் குப்பையையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ்தான். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு கூடியிருந்தால் அங்கே ஏதோ சண்டை நடக்கிறது என்று அர்த்தம். தெளிநீரில் ஐஜிஏ, ஐஜிஜி என்ற இரண்டு வகை ஆன்டிபாடியையும் தனித்தனியாக அளப்போம். ஐஜிஏ பெரும்பாலும் அந்த இடத்துச் சளிச்சவ்வே சுரப்பது. ஐஜிஜி ரத்தத்திலிருந்து கசிந்தும் வரும். சதையில் போடும் ஊசிக்கு ஐஜிஜி தூக்கலாக நிற்கும், மூக்கு வழியாகவோ, மூச்சில் இழுக்கும் நுண்துளிப் புகையாகவோ கொடுப்பதற்கு ஐஜிஏ கூடும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு பன்றிக்கு ஊற்றிய நீர் நிறையத் திரும்பும், இன்னொன்றுக்குக் குறையும். அப்போது ஆன்டிபாடி அளவை எப்படி ஒப்பிடுவது? அதற்கு யூரியாவை அளப்பார்கள். யூரியா ரத்தத்திலும் நுரையீரலின் உள்படலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், ஆகையால் கழுவுநீரில் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்று கணக்குப் போடலாம். ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் பார்ப்பது நல்லது. அது கூடியிருந்தால் ரத்தம் கசிந்திருக்கிறது. அப்போது கையில் இருக்கும் ஐஜிஜி நுரையீரல் சம்பாதித்ததா, ரத்தத்திலிருந்து ஒழுகியதா என்று சொல்ல முடியாது. இந்தத் திருத்தம் எதுவும் செய்யாமல் எண்ணை மட்டும் போடும் கட்டுரைகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

அப்புறம் டி அணுக்கள், அதாவது எதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளை அணுக்கள். தொற்றோ தடுப்பூசியோ வந்துபோன பிறகு, சில நினைவு டி அணுக்கள் ரத்தத்துக்குத் திரும்பாமல் நுரையீரலிலேயே தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால் முதலில் கை வைப்பது இவைதான். ரத்தத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாலும் இவை கண்ணில் படாது.

தேனி_மாணவி:

சார், நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். நுரையீரல் முழுக்க ரத்தக்குழாய்தானே? துண்டு போட்டு அரைத்தால் ரத்தத்தில் இருக்கும் டி அணுவும் சேர்ந்துதான் வரும். தங்கியது எது, வழிப்போக்கன் எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

ஆய்வகவாசி:

சரியான இடத்தில் கேட்டிருக்கிறாய் தங்கச்சி. எலியில் சிடி69, சிடி103 போன்ற அடையாளப் புரதங்களைச் சாயமிட்டுப் பிரிப்பார்கள். பன்றிக்கு அதற்கான ஆன்டிபாடிகள் நீண்ட காலம் கையில் இல்லை. இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வு நிறுவனத்தில் வேறு வழி கண்டார்கள். கொல்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன், டி அணுக்களில் ஒட்டும் சிடி3 ஆன்டிபாடியை ரத்தநாளத்தில் செலுத்திவிடுவது. ரத்தத்தில் ஓடுவதெல்லாம் அடையாளம் பெற்றுவிடும், திசுவுக்குள் ஒதுங்கி இருப்பவை பெறாது. பிறகு அணுக்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓட்டிப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பிரித்துவிடலாம். கழுவுநீரில் வந்த டி அணுக்கள் கிட்டத்தட்ட எல்லாமே அடையாளம் இல்லாதவை. அதாவது கழுவுநீரில் கிடைப்பவை ரத்தத்திலிருந்து வந்த கலப்படம் அல்ல.

பிரித்த பிறகு தடுப்பூசியின் புரதத்தைக் கொடுத்து இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புச் சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றனவா என்று பார்ப்போம். சுரந்தால் அந்தக் கிருமியை அடையாளம் தெரிந்த அணுக்கள்.

குறுக்குக்கேள்வி:

எல்லாம் சரி. இதில் எதை உசிலம்பட்டியில் செய்ய முடியும்? ஒரு பன்றியைக் கொன்று, ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டி... அண்ணன் கேட்டது இருமலுக்கு. கயிற்றைக் கட்டிவிட்டு எச்சில் எடுக்கிற சோதனை ஒன்று உண்டே, அதைச் சொல்லுங்கள்.

டாக்டர்_திருமங்கலம்:

கயிறு நல்ல முறைதான். பருத்திக் கயிற்றைப் பன்றியின் தோள் உயரத்துக்குத் தொங்கவிட்டால் கூட்டமாக வந்து மெல்லும். அரை மணி நேரம் விட்டு, ஈரக் கயிற்றை ஒரு பையில் போட்டுப் பிழிந்தால் எச்சில் கிடைக்கும். ஊசி குத்த வேண்டாம், பிடித்து அமுக்க வேண்டாம். இன்ஃப்ளூயன்சா, பிஆர்ஆர்எஸ் (மூச்சையும் சினையையும் தாக்கும் வைரஸ் நோய்) இரண்டுக்கும் கொட்டில் அளவில் நன்றாகவே சொல்லும். மைக்கோபிளாஸ்மாவுக்கு மட்டும் கயிறு கைகொடுப்பதில்லை. கிருமி வாயில் இல்லை, கீழே மூச்சுக்குழாயில் இருக்கிறது, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை தவறவிட்டுவிடும். மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு எடுக்கும் மாதிரிதான் இதற்கு நம்பகம். எச்சிலில் இருக்கும் ஐஜிஏவையும் நுரையீரல் ஐஜிஏ என்று நினைத்துவிடக் கூடாது, அதில் பெரும்பகுதி உமிழ்நீர்ச் சுரப்பியின் வேலை.

கறிக்கடை_மேலூர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். இருபது வருடத்துக்கு மேலாகப் பன்றி அறுக்கிறேன். டாக்டரம்மா சொல்கிற நோய் வந்த நுரையீரலைக் கையில் வாங்கினாலே தெரியும். நல்லது வெளிர் ரோஸ் நிறத்தில் பஞ்சாக அமுங்கும். கெட்டது முன்பக்கத்து மடல்களில், கீழ் ஓரமாக, ஈரல் மாதிரி சிவந்து கெட்டியாக இருக்கும். நல்ல சதைக்கும் கெட்ட சதைக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரித் தெரியும். வெட்டித் தண்ணீரில் போட்டால் நல்லது மிதக்கும், கெட்டது முங்கிவிடும்.

உசிலம்பட்டி அண்ணனிடம் ஒன்று கேட்கணும். உங்கள் பன்றிகள் வெறும் சிமெண்ட் தரையிலா, மண்ணிலும் விடுவீர்களா? ஏனென்றால் உங்கள் பக்கத்திலிருந்து வரும் உருப்படிகளில் ஈரலில் பால் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளி நிறையப் பார்க்கிறேன்.

உசிலை_வெண்பன்றி:

வளர்ந்த குட்டிகளைப் பின்னால் மண் திடலில் விடுவேன் அண்ணே. ஏன்?

டாக்டர்_திருமங்கலம்:

அடடா, இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே உபயோகமான பதிவு மேலூர் அண்ணன் போட்டதுதான்.

அந்த வெள்ளைப் புள்ளி உருளைப்புழுவின் தடம். முட்டையைத் தின்ற பன்றியின் குடலில் புழுக்குஞ்சு வெளிவந்து, முதலில் ஈரலைத் துளைக்கும், அப்புறம் ரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து காற்றுப்பைகளை உடைத்துக்கொண்டு மேலேறும், தொண்டையில் விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்குப் போகும். நுரையீரல் கட்டத்தில் இருமல் வரும். அதுவும் எழுந்து ஓடும்போது வரும் வறட்டு இருமல்தான். முட்டைகள் மண்ணில் வருடக்கணக்காகத் தாக்குப்பிடிக்கும். மண்ணில் மேயும் பன்றிக்கு மண்புழு வழியாக வரும் நுரையீரல் புழுவும் தனியாக உண்டு.

இதற்கும் நீங்கள் கேட்ட கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. டென்மார்க்கில் 2009இல் வெளியான ஒரு ஆய்வில், உருளைப்புழு தொற்றிய பன்றிகளுக்கு இதே மைக்கோபிளாஸ்மா தடுப்பூசியைப் போட்டு, பிறகு கிருமியையும் கொடுத்துப் பார்த்தார்கள். புழு இல்லாத பன்றிகளை விட இவற்றில் ஊசிக்கு ஆன்டிபாடி மந்தமாக வந்தது, நுரையீரல் புண்ணும் அதிகம். புழு உடம்பின் எதிர்ப்பை வேறு திசைக்கு இழுத்துவிடுகிறது. குடல்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்?

உசிலை_வெண்பன்றி:

தாய்ப்பன்றிக்குக் கொடுப்பேன். குட்டிகளுக்கு ஒழுங்காகக் கொடுப்பதில்லை.

குறுக்குக்கேள்வி:

ஆக, ஆயிரக்கணக்கில் ஊசிக்குச் செலவு, புழு மருந்துக்குக் கணக்குப் பார்ப்பது.

தேனி_மாணவி:

ஒரு சந்தேகம் சார். சதையில் போடுவது ரத்தத்தில்தான் அதிகம் நிற்கும் என்றால், எல்லாத் தடுப்பூசியையும் மூக்கில் புகையாகக் கொடுத்துவிடலாமே?

ஆய்வகவாசி:

எல்லோரும் கேட்பதுதான். முதலில், புகையின் துளி எவ்வளவு பெரிசு என்று பார்க்கணும். ஏறத்தாழ 5 மைக்ரானுக்கு மேல் போனால் பெரும்பாலும் மூக்கிலும் மேல் குழாயிலும் தங்கிவிடும். அதைவிடச் சிறியதுதான் ஆழத்துக்கு இறங்கும். மூக்கில் சொட்டு விடுவதும் நுரையீரலுக்குள் புகை விடுவதும் இரண்டு வேறு தடுப்பூசி என்றே வைத்துக்கொள்ளலாம்.

பிர்பிரைட்டில் எஸ்-ஃப்ளூ என்ற இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியைப் புகையாகக் கொடுத்தார்கள். ஒரு சுற்றுக்கு மேல் பெருக முடியாதபடி மாற்றிய வைரஸ் அது. பன்றிகளின் கழுவுநீரில் டி அணுக்கள் நன்றாக ஏறின. பிறகு வேறு ரக வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் சேதம் குறைந்தது, ஆனால் வைரஸ் வெளியேறும் அளவு குறையவில்லை. அதே தடுப்பூசி ஃபெரட் என்னும், பார்வைக்குக் கீரி மாதிரி இருக்கும் சிறு விலங்கில் வைரஸையும் குறைத்தது. நுரையீரல் எதிர்ப்பு வந்துவிட்டது என்பதோடு நிறுத்தினால் போதாது. எதைத் தடுத்தது, புண்ணையா, பரவலையா என்று தனித்தனியாகக் கேட்கணும். பண்ணைக்காரருக்குப் புண் முக்கியம், பக்கத்துப் பண்ணைக்குப் பரவல் முக்கியம்.

ரத்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்ஃப்ளூயன்சாவிலேயே இன்னும் மோசமான உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஏம்ஸ் நகர ஆய்வாளர்கள் கொல்லப்பட்ட எச்1என்2 வைரஸ் தடுப்பூசியைச் சதையில் போட்டு, பிறகு 2009 எச்1என்1 வைரஸைக் கொடுத்தார்கள். ஊசி போடாத பன்றிகளை விட ஊசி போட்ட பன்றிகளுக்கு நுரையீரல் அதிகமாகக் கெட்டுப்போனது. ரத்தத்தில் ஆன்டிபாடிக்குப் பஞ்சமே இல்லை. வந்த வைரஸில் அவை ஒட்டின, ஆனால் முடக்கவில்லை. எலைசா ஒட்டுவதைத்தான் அளக்கும், முடக்குவதை அளக்காது.

உசிலை அண்ணே, இது இன்ஃப்ளூயன்சா கதை. மைக்கோபிளாஸ்மா ஊசியால் இப்படி ஆகும் என்று படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள்.

உசிலை_வெண்பன்றி:

பயம் இல்லை தம்பி. ஆனால் நான் என்ன செய்யட்டும்? கழுவிப் பார்க்கவும் வழியில்லை, கயிறும் ஆகாது, ரத்தமும் பொய். கறிக்கடை அண்ணன் சொல்கிற மாதிரி அறுக்கும்போது பார்த்தால் போதுமா?

டாக்டர்_திருமங்கலம்:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கழுவுநீர், டி அணு எல்லாம் ஊசி *எப்படி* வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க. உங்களுக்கு வேண்டியது வேலை செய்ததா இல்லையா. அதற்கு அறுக்கும் இடத்தில் நுரையீரலைப் பார்த்து மதிப்பெண் போடுவது உலகம் முழுக்க நடக்கிற முறை. ஒரு முறையில் ஏழு மடல்கள், மடலுக்கு 0 முதல் 4 வரை, மொத்தம் 28. மடலில் கால்வாசி வரை கெட்டியாகியிருந்தால் 1, பாதி வரை 2, முக்கால் வரை 3, அதற்கு மேல் 4.

ஆனால் நம் ஊருக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கிறது. இந்தப் புண் இரண்டு மூன்று மாதத்தில் ஆறிவிடும், சுருங்கிய வடு மட்டும் நிற்கும். நாம் எட்டு, ஒன்பது மாதம் வளர்த்து 90, 100 கிலோவில் விற்கிறோம். நாலு மாதத்தில் வந்த நோய் அப்போது கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கலாம். நுரையீரல் சுத்தம், ஊசி ஜெயித்தது என்று ஏமாந்துவிடுவோம். ஐந்து, ஆறு மாதத்தில் விற்பதைப் பாருங்கள். பெரியதில் வடுவையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் வேலை, எல்லாக் குட்டிக்கும் புழு மருந்து. மலத்தைக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு அந்த முடிவுப்படி கொடுங்கள். திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, விசாரியுங்கள். இதைச் செய்யாமல் ஊசியைச் சோதிப்பதில் அர்த்தமே இல்லை.

அடுத்த பேட்சில் ஒவ்வொரு ஈற்றிலும் பாதிக் குட்டிக்கு ஊசி, பாதிக்கு இல்லை. காதில் எண் பட்டை. ஒரு தாயின் குட்டிகள் எல்லாவற்றுக்கும் போட்டு இன்னொரு தாயுடையதை விட்டுவிடக் கூடாது, சீம்பால் வித்தியாசம் கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டும் ஒரே கொட்டிலில் வளர்வதால் வித்தியாசம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். பரவாயில்லை, காற்று, தீவனம், மூத்திர நெடி எல்லாம் சமமாக இருக்கும். நெடி கண்ணைக் கரிக்கிற கொட்டிலில் எந்த ஊசியும் பாதி வேலைதான் செய்யும்.

நடுவில் இருமல் கூடினால் பென்சிலின் போட்டுவிடாதீர்கள். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது, பென்சிலினுக்கு அங்கே வேலையில்லை. எனக்குச் சொல்லுங்கள்.

குறுக்குக்கேள்வி:

மதிப்பெண் போடுகிறவருக்கு எந்தப் பன்றிக்கு ஊசி போட்டது என்று தெரியக் கூடாது. வியாபாரி பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

ஆய்வகவாசி:

குறுக்குக்கேள்வி சொன்னதற்கு நூற்றுக்கு நூறு. இன்னொன்று, பத்துப் பன்றியை வைத்து முடிவு கட்டாதீர்கள். நுரையீரல் புண் பன்றிக்குப் பன்றி ரொம்ப மாறும். இரண்டு மூன்று பேட்ச் சேர்ந்தால்தான் ஏதாவது தெரியும்.

கறிக்கடை_மேலூர்:

நான் செய்து தருகிறேன். எண் பட்டையோடு அனுப்புங்கள், எதற்கு ஊசி போட்டது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். நுரையீரலை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டோ எடுத்து, பட்டையைப் பக்கத்தில் வைத்து அனுப்புகிறேன். ஈரலையும் சேர்த்து எடுக்கிறேன். நுரையீரலைப் பண்ணைக்கு அனுப்பவா?

டாக்டர்_திருமங்கலம்:

வேண்டவே வேண்டாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் இந்தியாவுக்குள் வந்துவிட்டது. நம்மிடம் அதற்குத் தடுப்பூசி கிடையாது. அறுத்த இடத்து மாமிசமோ உறுப்போ எதுவும் பண்ணைக்குள் திரும்பி வரக் கூடாது. போட்டோ போதும். சிறு துண்டு வேண்டுமென்றால் நான் அங்கே வந்து எடுத்து, லேபுக்கு பிசிஆர் அனுப்புகிறேன். பட்டையைக் கொண்டுவரும் வண்டிக்காரரும் கொட்டிலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உசிலை_வெண்பன்றி:

சரி. நாளைக்கே மலம் எடுத்துக்கொண்டு திருப்பரங்குன்றம் போகிறேன். அடுத்த பேட்ச் குட்டி போட இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, அதற்குள் பட்டை வாங்கிவிடுவேன். வியாபாரியிடமும் சொல்லியாயிற்று, பாதிக் குட்டிக்குத்தான் ஊசி வாங்குவேன் என்று. அவருக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. மேலூர் அண்ணே, ஐந்து மாதத்தில் விற்றால் எடை கம்மியாக இருக்குமே, கிலோவுக்கு என்ன விலை போடுவீர்கள்?

கறிக்கடை_மேலூர்:

தனிச் செய்தியில் வாங்க, பேசிக்கொள்ளலாம்.